டி-பீம் எஸ்3 சுப்ரீம்: லோரா வேலை செய்கிறது, ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் மின்சாரம் போகவில்லை

ஆனைமலை_அலை:

எல்லோருக்கும் வணக்கம். மலையேற்றக் குழுவுக்கு இருப்பிடம் அனுப்பும் டிராக்கர் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். போர்டு லிலிகோ டி-பீம் எஸ்3 சுப்ரீம், ஈஎஸ்பி32-எஸ்3 சிப்பில் ஓடுவது. நெடுந்தூரத்துக்குச் சிறு தகவல் அனுப்பும் லோரா ரேடியோ எஸ்எக்ஸ்1262, ஜிபிஎஸ் எல்76கே, ஒரு 18650 பேட்டரி. நம் நாட்டில் அனுமதி உள்ள 865–868 மெகாஹெர்ட்ஸுக்குள், 866ல் அனுப்புகிறேன்.

ஸ்கெட்ச் (போர்டில் ஏற்றும் ஆர்டுயினோ நிரல்) சொந்தமாக எழுதியது. பழைய டி-பீம் 1.2 போர்டில் இதே ஸ்கெட்ச் குறையில்லாமல் ஓடுகிறது. புதிய போர்டுக்காகப் பின் எண்களை மாற்றினேன்: பிஎம்யூவுக்கு (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்) எஸ்டிஏ 42, எஸ்சிஎல் 41 (ஐ2சி தகவல் கோடும் கடிகாரக் கோடும்), திரைக்கு 17, 18, ஜிபிஎஸ்ஸுக்கு ஆர்எக்ஸ் (வாங்கும் பின்) 9, டிஎக்ஸ் (அனுப்பும் பின்) 8. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

இப்போது நடப்பது இதுதான். லோரா பாக்கெட் ஒழுங்காகப் போகிறது, மறுமுனையில் கிடைக்கிறது, ஆனால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்ஜியம். ஜிபிஎஸ் சீரியலில் ஓர் எழுத்துகூட வரவில்லை. 9600, 38400, 115200 என்ற மூன்று சீரியல் வேகங்களும் (பாட் ரேட்) பார்த்தாயிற்று. ஆர்எக்ஸ், டிஎக்ஸ் இரண்டையும் மாற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. மல்டிமீட்டரில் ஜிபிஎஸ் தொகுதியின் விசிசி (மின்சாரம் நுழையும்) முனையில் 1.9 வோல்ட் காட்டுகிறது. 3.3 இருக்க வேண்டிய இடம் அது.

திரையும் எரியவில்லை. அது தனிப் பிரச்சினை என்று நினைக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரெகுலேட்டர் பலவீனமாகிவிட்டதா? அல்லது ஜிபிஎஸ்ஸே போய்விட்டதா? போர்டின் ஓரத்தில் இருக்கும் 3.3 வோல்ட் பின்னிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஜிபிஎஸ் விசிசிக்கு நேராகக் கொடுத்துப் பார்க்கலாமா?

—

சாலிடர்_சாமி:

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள் தம்பி. "ஃபிக்ஸ் கிடைக்கவில்லை", அதாவது இருப்பிடம் கணக்காகவில்லை என்பது வேறு, "டேட்டாவே வரவில்லை" என்பது வேறு. வானம் தெரியாத அறைக்குள் வைத்திருந்தாலும், ஆன்டெனாவைக் கழற்றியே விட்டாலும், மின்சாரம் இருக்கிற ஜிபிஎஸ் விநாடிக்கு ஒருமுறை என்எம்இஏ (ஜிபிஎஸ் தகவலின் பொது வடிவம்) வரிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் இருப்பிடம் சொல்லும் ஜிஜிஏ வரியில் ஃபிக்ஸ் தர எண் 0 என்று வரும், காற்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். உங்களுக்கு வரியே இல்லை என்றால் ஆன்டெனாவைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பேட்டரியையும் யுஎஸ்பியையும் எடுத்துவிட்டு விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். நாலைந்து ஓம் காட்டினால் ஷார்ட். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ காட்டினால் ஷார்ட் இல்லை.

ஷார்ட் இல்லாத பட்சத்தில், சோதனைக்கு ஒரு நிமிடம் 3.3ஐ நேராகக் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

—

விண்கோள்_73:

ஓ.எம். (ஹாம் வானொலி வழக்கில் 'நண்பரே'), அந்த ஒயரை மட்டும் இழுக்காதீர்கள். சாமி சார் சொன்ன ஷார்ட் சோதனை சரி, அதைச் செய்யுங்கள். ஆனால் நேராக மின்சாரம் கொடுப்பது இந்தப் போர்டில் வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் விசிசி பிஎம்யூ சிப்பின் ஒரு வெளியீட்டோடு இணைந்திருக்கிறது. அந்த வெளியீடு அணைந்திருக்கும்போது நீங்கள் வெளியிலிருந்து 3.3 கொடுத்தால், மின்சாரம் பின்வழியாக சிப்புக்குள் ஏறும். ஜிபிஎஸ் ஓடவும் செய்யலாம். அதனால் காரணம் தெரிந்துவிடாது. மல்டிமீட்டரும் நாலு வரி ஸ்கெட்சும் போதும், ஒயர் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் பதிவில் நீங்கள் தள்ளிவைத்த விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரை எரியவில்லை என்றீர்களே, அது தனிப் பிரச்சினை இல்லை.

டி-பீம் வரிசையில் ஒவ்வொரு உறுப்புக்கும் பிஎம்யூவின் தனித்தனி வெளியீட்டிலிருந்து மின்சாரம் போகிறது. 1.2 போர்டிலும் சுப்ரீமிலும் ஒரே பிஎம்யூதான், ஏஎக்ஸ்பி2101. ஏஎல்டிஓ, பிஎல்டிஓ, டிஎல்டிஓ, டிசி என்பவை அதன் வெளியீடுகளின் பெயர்கள். ஆனால் எந்த வெளியீடு எதற்கு என்பது இரண்டிலும் வேறு வேறு.

1.2 போர்டில்: ஏஎல்டிஓ2 லோராவுக்கு, ஏஎல்டிஓ3 ஜிபிஎஸ்ஸுக்கு. ஏஎல்டிஓ1, ஏஎல்டிஓ4 சும்மா இருப்பவை. அதனால் 1.2க்கு எழுதிய ஸ்கெட்சுகளில் வழக்கமாக அந்த இரண்டையும் அணைத்துவிடுவார்கள்.

சுப்ரீமில்: ஏஎல்டிஓ1 திரைக்கும், அதே பஸ்ஸில் (பொதுத் தகவல் கோட்டில்) உள்ள காற்றழுத்த சென்சாருக்கும் காந்த சென்சாருக்கும். ஏஎல்டிஓ2 இன்னொரு சென்சார் வரிசைக்கு. ஏஎல்டிஓ3 லோராவுக்கு. ஏஎல்டிஓ4 ஜிபிஎஸ்ஸுக்கு. பிஎல்டிஓ1 எஸ்டி கார்டுக்கு.

இப்போது உங்கள் பழைய ஸ்கெட்சை இதன் மேல் பொருத்திப் பாருங்கள். "ஜிபிஎஸ்ஸுக்கு" என்று நினைத்து ஏஎல்டிஓ3ஐ அது போடுகிறது. சுப்ரீமில் அதனால் உயிர் பெறுவது லோரா. "தேவையில்லாதவை" என்று நினைத்து ஏஎல்டிஓ1ஐயும் ஏஎல்டிஓ4ஐயும் அணைக்கிறது. சுப்ரீமில் அதனால் அணைவது திரையும் ஜிபிஎஸ்ஸும். லோரா வேலை செய்வதால் பிஎம்யூ பகுதி சரியாக இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது தற்செயலாக ஓடுகிறது.

அந்த 1.9 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து வருவதே இல்லை. உங்கள் ஜிபிஐஓ 8 (ஈஎஸ்பி சிப்பின் 8ஆம் பின்) சீரியல் டிஎக்ஸ். சீரியல் தொடங்கியதும் அந்தப் பின் சும்மா இருக்கும் நேரமெல்லாம் 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். மின்சாரம் இல்லாத ஜிபிஎஸ்ஸின் ஆர்எக்ஸ் முனைக்குள் அது போய், உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக விசிசிக்கு ஒழுகுகிறது. டயோடில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும், மீதியைச் சுமை இழுத்துக் கீழே கொண்டுவரும். 1.5க்கும் 2.5க்கும் நடுவே ஏதாவது ஓர் எண் காட்டும். ரெகுலேட்டர் இளைத்துப்போன மாதிரியே தெரிவதால் நல்ல போர்டைப் பலர் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

உறுதி செய்ய: ஜிபிஎஸ் சீரியலைத் தொடங்கும் வரியைக் கமென்ட் ஆக்குங்கள். ஸ்கெட்சில் வேறெங்கும் 7, 8 பின்களைத் தொடாதீர்கள். ஏற்றிவிட்டு யுஎஸ்பியையும் பேட்டரியையும் எடுத்து மறுபடி போடுங்கள். விசிசி பூஜ்ஜியத்துக்கு அருகில் விழுந்துவிட்டால் ஒழுகல்தான் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

கூடவே பிஎம்யூவின் ரெஜிஸ்டர் (சிப்பின் உள் நினைவு இடம்) ஹெக்ஸ் (16 அடிமான எண்) 90ஐப் படித்து அச்சிடுங்கள். பிஎம்யூவின் முகவரி ஹெக்ஸ் 34; இனி ரெஜிஸ்டர் எண்கள் எல்லாம் ஹெக்ஸ்தான். உங்கள் ஸ்கெட்சில் பிஎம்யூ பகுதி முடிந்த பிறகு படிக்க வேண்டும். வலப்பக்கக் கடைசி ஹெக்ஸ் இலக்கத்தை மட்டும் பாருங்கள்: அதன் நாலு பிட்டும் வலமிருந்து இடமாக ஏஎல்டிஓ1, 2, 3, 4. என் கணிப்பு சரியென்றால் அந்த இலக்கம் 6 ஆக இருக்கும்.

—

ஆனைமலை_அலை:

அண்ணா, படித்துப் பார்த்தேன். கடைசி இலக்கம் 6தான். சிப் அடையாளத்துக்கு ரெஜிஸ்டர் 03 படித்ததில் 4ஏ வந்தது.

சீரியல் வரியைக் கமென்ட் ஆக்கி, பேட்டரி எடுத்துப் போட்டதும் விசிசி 0.1 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. விசிசி–கிரவுண்ட் நடுவே ஷார்ட் இல்லை.

ஸ்கெட்சில் பிஎம்யூ பகுதி நீங்கள் சொன்ன அதே வரிசைதான்: ஏஎல்டிஓ2, ஏஎல்டிஓ3 இரண்டுக்கும் 3300 (மில்லிவோல்ட்) வைத்து ஆன், டிசி2 முதல் டிசி5 வரை, ஏஎல்டிஓ1, ஏஎல்டிஓ4, பிஎல்டிஓ1, பிஎல்டிஓ2, டிஎல்டிஓ1, டிஎல்டிஓ2 எல்லாம் ஆஃப்.

ஏஎல்டிஓ4ஐ ஆன் செய்தால் போதுமா, இல்லை வேறு எதையும் கவனிக்க வேண்டுமா?

—

விண்கோள்_73:

அப்போது சந்தேகமே இல்லை. 4ஏ என்றால் ஏஎக்ஸ்பி2101. சிப் நலமாக இருக்கிறது, சொன்னதைச் செய்கிறது. சொன்னதுதான் வேறு போர்டுக்கானது.

ஆன் செய்தால் மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். பிஎம்யூவை இயக்கும் எக்ஸ்பவர்ஸ்லிப் நூலகம் பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, அணைக்கும் பட்டியலிலிருந்து ஏஎல்டிஓ1, ஏஎல்டிஓ4 இரண்டையும் எடுத்துவிடுவது. எஸ்டி கார்டு வைத்திருந்தால் பிஎல்டிஓ1ஐயும் எடுத்துவிடுங்கள். டிசி2, டிசி5 அணைந்தே இருக்கட்டும். டிசி3 எம்.2 இணைப்புக்கானது, அதில் ஒன்றும் மாட்டவில்லை என்றால் அதுவும் வேண்டாம். டிசி1 பக்கமே போகாதீர்கள். ஈஎஸ்பி32க்கே மின்சாரம் தருவது அதுதான். நூலகத்தில் அதைப் பாதுகாக்கப்பட்ட சேனலாகக் குறிக்க வசதி இருக்கிறது, குறித்துவிட்டால் கைதவறி அணைந்துபோகாது.

அடுத்து, வோல்ட்டேஜ் முதலில், ஆன் பிறகு. ஏஎல்டிஓ ஒவ்வொன்றும் 0.5 முதல் 3.5 வோல்ட் வரை 0.1 படிகளில் தரும். நீங்கள் எண் வைக்காமல் ஆன் செய்தால் ஏற்கெனவே என்ன இருந்ததோ அது போகும். 1.8 இருந்தால் ஜிபிஎஸ் எழும்பாது, 3.5 இருந்தால் அதற்கும் நல்லதில்லை. ஏஎல்டிஓ1, 2, 3, 4 நாலுக்கும் 3300 வைத்துவிட்டு, ரெஜிஸ்டர் 92, 93, 94, 95 நாலையும் திரும்பப் படியுங்கள். கீழ் ஐந்து பிட்டில் ஹெக்ஸ் 1சி, அதாவது 28 இருக்க வேண்டும். 0.5 உடன் 28 படி சேர்ந்தால் 3.3.

அதன் பிறகு ஆன். ரெஜிஸ்டர் 90ன் கடைசி இலக்கம் இப்போது எஃப் ஆக வேண்டும்.

ஆன் ஆனதும் உடனே சீரியலைத் தொடங்க வேண்டாம். கால் விநாடி பொறுங்கள், விசிசி நிலைக்கட்டும், பிறகு தொடங்குங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஎக்ஸ் முன்கூட்டியே 3.3ல் நின்றால், விசிசி ஏறுவதற்கு முன்பே சிப் பாதி உயிரோடு இருக்கும். அந்த நிலையில் பவர்-ஆன் ரீசெட் சரியாக நடக்காமல், முழு 3.3 வந்த பிறகும் ஜிபிஎஸ் பேசாமல் உறைந்து நிற்பது உண்டு. அப்படி ஆனால் விசிசியை உண்மையாகவே பூஜ்ஜியத்துக்கு இறக்கி ஏற்றினால்தான் தெளியும்.

திரை விஷயத்திலும் இதே கதை. ஏஎல்டிஓ1 அணைந்திருந்தால் 17, 18 பஸ்ஸில் உள்ள சென்சார்கள் மின்சாரமில்லாமல் அந்த இரண்டு கோட்டையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். முகவரி தேடும் ஸ்கெட்ச் ஓட்டினால் ஒன்றுமே இல்லை என்று வரும். ஏஎல்டிஓ1ஐ முதலில் அணைத்து, கால் விநாடி விட்டு, 3300ல் ஆன் செய்து, அதன் பிறகு திரையைத் தொடங்குங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தும்போது சென்சார் ஏதாவது பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இந்த அணைப்பு விடுவித்துவிடும்.

—

கடற்கரை_நிலையம்:

விண்கோள் சார் எல்லாம் சொல்லிவிட்டார். எல்76கே என்பதால் மட்டும் ஒன்று சேர்க்கிறேன்: விழிப்பு பின். சுப்ரீமில் அது ஜிபிஐஓ 7. அது தாழ்ந்திருந்தால் 3.3 வோல்ட் முழுசாக இருந்தும் தொகுதி உறங்கிக்கொண்டிருக்கும், சீரியலில் ஒன்றும் வராது. ஏஎல்டிஓ4 ஆன் ஆன பிறகு 7ஐ வெளியீடாக்கி ஹையில் (3.3 வோல்ட்டில்) வையுங்கள். ஆன் ஆவதற்கு முன்னால் ஹை வைக்கக் கூடாது, டிஎக்ஸ் போலவே இந்தப் பின் வழியாகவும் மின்சாரம் ஒழுகும். 1.2 போர்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பின் பழக்கமில்லாதது, அதனால் விட்டுப்போகும்.

பாட் ரேட் 9600ல் தொடங்குங்கள். சுப்ரீமில் எல்76கேக்குப் பதில் யூ-பிளாக்ஸ் எம்10 வைத்த போர்டுகளும் இருக்கின்றன. அவற்றில் 9600ல் குப்பை எழுத்து வந்தால் 38400 பாருங்கள். குப்பை வருவதே மின்சாரம் இருப்பதற்கு அடையாளம்.

ஆர்டுயினோவில் சீரியல் தொடக்க வரியில் கடைசி இரண்டு எண்கள் ஈஎஸ்பி பக்கத்துப் பார்வையில்தான்: முதலில் ஆர்எக்ஸ் 9, பிறகு டிஎக்ஸ் 8. போர்டில் அச்சிட்ட எழுத்து ஜிபிஎஸ் பக்கத்துப் பார்வையில் இருந்தால் குழப்பம் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டு விட்டிருந்தால் திருப்பி வையுங்கள்.

சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பிஎம்யூவுக்கு ஈஎஸ்பியின் ரீசெட் தெரியாது. நீங்கள் ஆர்எஸ்டி பொத்தானை அழுத்தினாலும், புது ஸ்கெட்ச் ஏற்றினாலும், பேட்டரியோ யுஎஸ்பியோ இருக்கும்வரை அதன் ரெஜிஸ்டர்கள் முன்பு வைத்தபடியே இருக்கும். மெஷ்டாஸ்டிக் (லோரா போர்டுகளுக்கான தயார் மென்பொருள்) போட்டு ஓட்டிவிட்டு, அதன் மேல் பிஎம்யூ பகுதியே இல்லாத ஒரு சின்ன ஸ்கெட்சை ஏற்றினால் ஜிபிஎஸ் ஓடும், ஏனென்றால் மெஷ்டாஸ்டிக் ஆன் செய்தது ஆனாகவே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் நின்றுவிடும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்று வருகிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பதில். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு யுஎஸ்பி, பேட்டரி இரண்டையும் எடுத்து, சில விநாடி விட்டு, மறுபடி போட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மெஷ்டாஸ்டிக்கை வேறு விதத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். போர்டையும் பிஎம்யூவையும் தெரிந்து தானே சரியான வெளியீடுகளைப் போடுவதால், அதை ஏற்றிப் பார்த்து ஜிபிஎஸ்ஸும் திரையும் வந்தால் வன்பொருள் நலம் என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம்.

—

மின்னோட்டம்_9:

குறுக்கே ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது சுப்ரீம் இல்லை, டி-பீம் 1.1, பழைய ஈஎஸ்பி32. அதில் ஓடிய ஸ்கெட்சை நண்பரின் 1.2ல் ஏற்றினேன். அங்கேயும் ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் இல்லை. 1.1க்கும் 1.2க்கும் பின்கள் ஒன்றேதானே? ஐ2சி தேடல் ஓட்டினால் 34ல் பிஎம்யூ இருக்கிறது என்றும் வருகிறது.

—

விண்கோள்_73:

பின்கள் ஒன்றே: பிஎம்யூ 21, 22ல், ஜிபிஎஸ் 34, 12ல். மாறியது பிஎம்யூ. 1.1ல் ஏஎக்ஸ்பி192, 1.2ல் ஏஎக்ஸ்பி2101. இரண்டுக்கும் ஒரே ஐ2சி முகவரி, ஹெக்ஸ் 34. அதனால்தான் தேடலில் வருகிறது, ஆனால் உள்ளே முற்றிலும் வேறு சிப்.

ரெஜிஸ்டர் 03ஐப் படியுங்கள். 03 வந்தால் 192, 4ஏ வந்தால் 2101. ஏஎக்ஸ்பி20எக்ஸ் என்ற பழைய நூலகத்துக்கு 2101 தெரியாது. தொடக்க அழைப்பு தோல்வி என்று திரும்பும். ஸ்கெட்ச் அந்தப் பதிலைப் பார்க்காமல் மேலே போனால், அதற்குப் பிறகு எழுதிய ஆன், ஆஃப் ஒன்றும் நடக்காது. தொடக்கத்தின் பதிலைக் கட்டாயம் பாருங்கள், தோல்வி என்றால் அங்கேயே நிறுத்திச் செய்தி அச்சிடுங்கள்.

192ல் எல்டிஓ2 லோராவுக்கு, எல்டிஓ3 ஜிபிஎஸ்ஸுக்கு, டிசிடிசி1 திரைக்கு, டிசிடிசி3 ஈஎஸ்பிக்கு. ரெஜிஸ்டர் 12ல் பிட் 2 எல்டிஓ2, பிட் 3 எல்டிஓ3. ரெஜிஸ்டர் 28ல் மேல் நாலு பிட் எல்டிஓ2 வோல்ட்டேஜ், கீழ் நாலு பிட் எல்டிஓ3, 1.8 முதல் 3.3 வரை. எஃப்எஃப் வைத்தால் இரண்டும் 3.3. இந்த எண்களை 2101க்கு எழுதக் கூடாது. அங்கே அந்த ரெஜிஸ்டர்களுக்கு வேறு வேலை.

எக்ஸ்பவர்ஸ்லிப் நூலகத்துக்கு மாறினால் இரண்டு சிப்பையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முதலில் 2101 ஆகத் தொடங்கிப் பாருங்கள், தோல்வி என்றால் 192 ஆகத் தொடங்குங்கள், கிடைத்ததைப் பொறுத்து வெளியீட்டுப் பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். 1.2ல் ஏஎல்டிஓ2 லோரா, ஏஎல்டிஓ3 ஜிபிஎஸ். ஜிபிஎஸ்ஸின் கடிகாரக் காப்பு மின்சாரத்துக்கு விபேக்கப் 3300 வைத்து ஆன் செய்ய மறக்காதீர்கள்.

—

ஆனைமலை_அலை:

அண்ணா, கடற்கரை சார், இருவருக்கும் மிக்க நன்றி. ஓடுகிறது.

ரெஜிஸ்டர் 90ன் கடைசி இலக்கம் எஃப். 92 முதல் 95 வரை எல்லாம் 1சி. பேட்டரியை எடுத்துப் போட்ட பிறகு ஜிபிஎஸ் விசிசியில் 3.29. பிஎம்யூ சரி செய்த உடனே திரை வந்துவிட்டது. ஜிபிஎஸ் மட்டும் அப்போதும் பேசவில்லை, 7ஐ ஹை வைத்ததும் 9600ல் வரிகள் வர ஆரம்பித்தன. மொட்டை மாடியில் வைத்ததும் அரை நிமிடத்தில் ஃபிக்ஸ். ஆர்எக்ஸ், டிஎக்ஸ்ஸை மாற்றிப் போட்டிருந்ததையும் திருப்பி வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். டிராக்கர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்பினால் போதும். நடுவில் ஏஎல்டிஓ4ஐ அணைத்துப் பேட்டரியை மிச்சப்படுத்தலாமா?

—

கடற்கரை_நிலையம்:

ஐந்து நிமிட இடைவெளிக்கு அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் முழுசாகப் போனால், காப்பு மின்சாரம் தனியாகக் கிடைக்காத நிலையில், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதைத் தகவலை மறந்துவிடும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதைத் தகவலை 30 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பச் சொல்கிறது. அதைக் கேட்டு முடிக்காமல் ஃபிக்ஸ் வராது. திறந்த வானத்தில் அரை நிமிடம், மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் அதைவிட அதிகம். நடுவில் சிக்னல் விட்டுப்போனால் அந்தச் சுற்றையே மறுபடி கேட்க வேண்டும். மலையேற்றத்தில் பாதி நேரம் மரத்தடியில்தானே. ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேல் முழு வேகத்தில் தேடுவதாக முடியும்.

அதற்குப் பதில் ஏஎல்டிஓ4 ஆனிலேயே இருக்கட்டும். ஜிபிஐஓ 7ஐத் தாழ்த்தி ஜிபிஎஸ்ஸை உறங்க வையுங்கள். பாதைத் தகவல் நினைவிலேயே இருக்கும். அது சுமார் 4 மணி நேரம் செல்லும், அதனால் எழுப்பிய சில விநாடிகளில் ஃபிக்ஸ் வந்துவிடும்.

ஈஎஸ்பியை ஆழ்ந்த உறக்கத்தில் விடுவதாக இருந்தால் 7ஐத் தாழ்ந்த நிலையிலேயே பூட்டி வையுங்கள், இல்லையென்றால் பின் மிதந்து ஜிபிஎஸ் தானே விழித்துக்கொள்ளக்கூடும். எஸ்3ல் 0 முதல் 21 வரை உள்ள பின்களை உறக்கத்திலும் பிடித்துவைக்கலாம், 7 அதற்குள் வருகிறது. எழுந்ததும் முதலில் பூட்டை விடுவியுங்கள், அப்புறம்தான் ஹை. விடுவிக்காமல் ஹை எழுதினால் ஒன்றும் ஆகாது, மறுபடியும் "டேட்டா வரவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அரை நாள், ஒரு நாள் என்று நிறுத்தி வைக்கும்போது அணைப்பதுதான் சரி. அப்போது வரிசை இப்படி: சீரியலை முடியுங்கள், 8ஐயும் 7ஐயும் உள்ளீடாக்குங்கள், கடைசியில் ஏஎல்டிஓ4 ஆஃப். இந்த வரிசை தப்பினால் அதே 1.9 வோல்ட் திரும்ப வந்து, அணைத்து வைத்த போர்டு பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். அணைத்த பிறகு விசிசியில் மீட்டரை வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ ஒரு பின் இன்னும் ஹையில் நிற்கிறது.

73 (வாழ்த்துகள்).